என் இரகசிய உபவாசமும் முப்பத்துநான்கு சர்க்கரையும்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர் அடுத்த ஞாயிறு ஆராதனையில் முன்னால் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சாட்சிக்கு ஓர் அமைப்பும் உண்டு. முதலில் நோய், அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. அப்புறம் கையை விரித்த டாக்டர்கள். அப்புறம் ஜெபம். கடைசியில் அதே டாக்டர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து வாயடைத்து நிற்பது. கேட்டுக் கேட்டுச் சபையாருக்கு மனப்பாடம். எந்த இடத்தில் அல்லேலூயா சொல்ல வேண்டும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

என் விஷயம் இந்த அமைப்புக்குள் அடங்கவில்லை. எனக்கு டாக்டர்கள் கையை விரிக்கவே இல்லை. மூன்று நாள் விடாமல் தேடினார்கள். அவர்கள் தேடியது என் போர்வைக்குள் பத்திரமாக இருந்தது. ஆகவே ஆயரிடம், "நின்று சொல்லத் தெம்பில்லை, எழுதித் தருகிறேன்" என்றேன். "சுருக்கமா எழுதுங்க" என்றார். என் வயதில் யாராலும் தன் உடம்பைப் பற்றிச் சுருக்கமாக எழுத முடியாது.

வயது ஐம்பத்துமூன்று. பெயர் எட்வின். காஞ்சிபுரத்தில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். எட்டு வருடமாகச் சர்க்கரை நோயாளி. இருபத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிப்பவன். இந்த மூன்றில் எதிலும் நான் பெரிதாக முன்னேறியதில்லை. சபைப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். படித்துவிட்டுச் சிரித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் இறந்துவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளை நாங்கள் லெந்து என்போம். மனம் வருந்தி, உபவாசம் இருந்து, ஆண்டவர் பட்ட பாடுகளை நினைக்கும் காலம். என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் ஜெயராஜ், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், எங்கள் சபையில் லெந்துக்குப் பேர்போனவர். தாடி விடுவார். ஆட்டுக்கறியை நாற்பது நாளைக்கு ஒதுக்குவார். அந்தத் துக்கத்தை வஞ்சிரத்தில் ஆற்றிக்கொள்வார். தினமும் காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு சிலுவைப் படமும், கீழே 'உபவாசம், ஆறாம் நாள்' என்ற வரியும் வரும். இவரை வைத்து நான் மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவர் ஒன்றையும் படிக்கவில்லை என்பதால் உறவு நீடிக்கிறது.

லெந்துக்கு முந்தைய ஞாயிறு ஆயர் ஒரு கேள்வி கேட்டார். "சபைக்கு வர்றவங்க நிறைய பேர். சீஷனா அவர் பின்னால நடக்கறவங்க எத்தன பேர்?" எல்லாரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை. முப்பது வருடமாகப் பிறருடைய பக்தியைக் கிண்டலடித்திருக்கிறேன். என் பக்தி என்று காட்ட, கிண்டலடிக்கவாவது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் ஒன்றுமில்லை. சரி, ஒருமுறை ஒழுங்காகச் செய்து பார்ப்போம் என்று தோன்றியது.

ஒழுங்காக என்றால், சுவிசேஷத்தில் சொன்னபடி. உபவாசம் இருக்கிறவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊருக்குக் காட்டக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவி, பரலோகத்திலிருக்கிறவருக்கு மட்டும் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது ஆண்டவர் போதனை. எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மச்சானுக்கு நேர் எதிர். யாருக்கும் தெரியாமல் நாற்பது நாள். உண்மையைச் சொன்னால், யாருக்கும் தெரியக்கூடாது என்பதோடு, என்றைக்காவது யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்றும் ஆசை இருந்தது. என் அடக்க ஆராதனையில் என்றால் மிகவும் பொருத்தமாக இருக்கும்.

காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை. மாலை ஆறு மணிக்குமேல் சாப்பாடு. இதுதான் திட்டம். "இன்னிக்கு சீக்கிரம் போவணும், அங்க போயி சாப்பிடறேன்" என்று காலை இட்லியையும் டப்பாவில் வாங்கிக்கொள்வேன். நூலகத்துக்குப் போகிற வழியில் கோயில் சன்னதித் தெருவில் ஒரு பசு நிற்கும். இட்லியும் மதியச் சாதமும் அதற்கு. நாலு நாளில் அது என் சைக்கிள் மணிச் சத்தத்துக்கே திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. தலைக்கு எண்ணெயும் தவறாமல் வைத்தேன்.

"இன்னாங்க, மண்டையிலேந்து வழியுது? தலகாணி உறைய யாரு தோய்க்கறது?" என்றாள் ஸ்டெல்லா.

"சூடு" என்றேன்.

மாத்திரைகளை மட்டும் விடவில்லை. டாக்டர் சொல் தட்டாதவன். இங்கேதான் கொஞ்சம் மருத்துவம் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு மாத்திரை. ஒன்று சாது. இன்னொன்று கணையத்தைப் பிடித்து உலுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். கணையம் என்பது வயிற்றுக்குப் பின்னால் மீன் மாதிரிப் படுத்திருக்கும் ஓர் உறுப்பு. உள்ளே சாப்பாடு வந்ததா, வரவில்லையா என்று இந்த மாத்திரை பார்க்காது. பந்தியில் சாப்பிட்டு முடித்தாயிற்றா என்று கேட்காமல் இலையை எடுத்துக்கொண்டு போகிற ஆள் மாதிரி. சாப்பாடு இல்லாவிட்டால் இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத் துடைத்துவிடும். எட்டு வருடம் இந்த மாத்திரையை விழுங்குகிறேன். உலகத்தில் எத்தனையோ விஷயங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். என் மாத்திரையோடு வரும் அந்தச் சின்னத் தாளைப் படித்ததில்லை.

பதினொரு மணிக்குமேல் கை லேசாக நடுங்கும். வியர்க்கும். எழுத்துகள் பக்கத்தை விட்டு எழுந்து நிற்கும். இதையெல்லாம் நான் ஆவிக்குரிய அனுபவம் என்று நினைத்தேன். புண்ணியவான்கள் இப்படி நடுங்கியதாகப் பல நூல்களில் படித்த ஞாபகம். அவர்களில் யாருக்கும் சர்க்கரை நோய் இருந்ததாக எழுதியிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு நூலகத்தில் விழுந்தேன். அதற்குமுன் பத்து நிமிடம், ஒரு வாசகரிடம் அவர் எடுக்காத புத்தகத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டேனாம். எனக்கு நினைவில்லை. விழுந்தபிறகு தலைமாட்டில் கேட்ட பேச்சு மட்டும் எங்கேயோ கிணற்றடியில் கேட்பது போலக் கேட்டது.

"சார் ஊத்திக்கினு வந்துட்டாரா பா?"

"சேச்சே. வேதக்காரரு பா அவுரு."

"அதனால இன்னா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை முப்பத்துநான்கு. எழுபதுக்குக் கீழே போகக்கூடாது. முப்பது அளவுக்கு இறங்கினால் மூளைக்கு அடுப்பு அணைந்த மாதிரி. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விளக்குப் போட்டதுபோல் நினைவு திரும்பியது. முதலில் தெரிந்தது ஸ்டெல்லாவின் முகம். வீட்டில் உடுத்தியிருந்த நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருந்தாள். முப்பது வருடத்தில் அவள் அப்படித் தெருவில் இறங்கி நான் பார்த்ததில்லை.

"காலைல சாப்பிட்டீங்களா?" என்றார் அவசரப் பிரிவு டாக்டர்.

"சாப்பிட்டேன்" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"நாலு இட்லி டாக்டர், பொடி தடவி. மத்தியானத்துக்கு சாம்பார் சாதம்" என்றாள் ஸ்டெல்லா. அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

வார்டுக்கு மாற்றிய பிறகு டூட்டி டாக்டர் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். விடியற்காலையில் சர்க்கரை மறுபடி ஐம்பதுக்கு இறங்கியது. அந்த மாத்திரையின் வேகம் ஒருநாளுக்குமேல் உடம்பில் நிற்குமாம். காலையில் பெரிய டாக்டரம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேஸ் ஷீட்டைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க சார். ஏதாவது வேள சாப்பாட்ட விட்டீங்களா? விரதம் அது இதுன்னு?"

"இல்ல டாக்டர்."

மூன்றாவது முறை. வேதபாடம் வாசிக்கிறவனுக்கு அந்த எண்ணிக்கை எங்கே போய் முடியும் என்று தெரியாமலிருக்காது. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன சீஷனுக்குக் கூவிய சேவல் எனக்குக் கூவவில்லை. பக்கத்துக் கட்டிலில் மானிட்டர் மட்டும் தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். முதலில், சொன்னால் மனிதருக்குத் தெரிந்துவிடும், உபவாசத்தின் பலன் போய்விடும் என்று ஒரு வேதாந்தம். வேதம் படித்தவனுக்குச் சாக்குக்குப் பஞ்சமிருக்காது. இரண்டாவது, ஸ்டெல்லாவின் எதிரில் அந்த இட்லியைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாவதுதான் உண்மையான காரணம்: ஐம்பத்துமூன்று வயதில் இவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியும் என்பதை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சாப்பிட்டும் சர்க்கரை இறங்குகிறது என்றால், டாக்டரம்மாவுக்கு வழிகள் மூன்று. சிறுநீரகம் கெட்டு மாத்திரை உடம்பிலேயே தங்குகிறதா? தவறான மாத்திரை போட்டேனா? இல்லை, கணையத்தில் தானாகவே இன்சுலின் சுரக்கும் கட்டி ஏதாவது இருக்கிறதா? அதை விளக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "பெரும்பாலும் சாதா கட்டிதான் சார், பயப்படாதீங்க" என்றார். பயப்படாதீங்க என்று டாக்டர் சொல்லும்வரை நான் பயப்படவில்லை.

மணிக்கொருமுறை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து வருகிற ஒரு நர்ஸ் பெண், "எந்த விரல் அங்கிள்?" என்று கேட்டுவிட்டுத்தான் குத்துவாள். சாயங்காலம் குத்தாத விரல் தேடுவதே அவளுக்கு வேலையாகப் போயிற்று. ஸ்கேன் அறைக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். ஏற்றும்போது உடம்பெல்லாம் வெந்நீர் ஓடி, வேட்டியை நனைத்துவிட்டோமோ என்று பதறும். நனையவில்லை. பதற்றம் மட்டும்தான்.

காத்திருந்த இரண்டு மணி நேரமும் நாற்காலியைப் பிடித்தபடி நின்றவர் மச்சான் ஜெயராஜ்தான். கழிப்பறைக்கு என்னைத் தாங்கிக்கொண்டு போனதும் அவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அவரை வைத்து எழுதிய நாலாவது கட்டுரையாக இது ஆகிவிடும்.

ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்து, ஊசி குத்திய என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊதினாள். ஊதிக்கொண்டே சொன்னாள்: "நாலு இட்லி பத்தலியோ என்னவோ. அஞ்சா வெச்சிருக்கணும். எனக்குத்தான் தோணல."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டாக்டரம்மா கேட்டபடி என் மாத்திரைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். மச்சான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன மாதம் வரை நீல அட்டை. இந்த மாதம் பச்சை அட்டை. "ஒரே மருந்து, ஒரே அளவு, கம்பெனி மட்டும் வேற. இதுல தப்பு இல்ல" என்றார் டாக்டரம்மா. நிறம் மாறியதே மச்சானுக்குப் போதுமானதாக இருந்தது. முப்பது வருடம் பட்டாவில் பேர் மாறியதைக் கண்டுபிடித்த கண் அது.

நான் மாத்திரை வாங்குவது எங்கள் தெருமுனை மெடிக்கலில். முதலாளி கல்லாவில் இருப்பார். மருந்து எடுத்துத் தருகிறவர் ரஹீம் பாய். பதினெட்டு வருடமாக அந்தக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிற்கிறார். அது ரம்ஜான் மாதம். இந்த வருடம் அவர்களுடைய நோன்பும் எங்கள் லெந்தும் கிட்டத்தட்டச் சேர்ந்தே தொடங்கின. மச்சான் ஞாயிறு சாயங்காலம் நேராக அங்கே போனார். திரும்பி வந்து எங்களிடம் சொன்னார்.

"கேட்டேன் மாப்ள. கட முழுக்க ஆளு. நோன்பு வெச்சிக்கினு பசி மயக்கத்துல மாத்திரைய மாத்திக் குடுத்துட்டு நிக்கறியே, ஒரு உசுரு போயிருந்தா உன் அப்பனா குடுப்பான்னு கேட்டேன். மருந்து இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதறேன்னு சொன்னேன். மொதலாளி ஆடிப்போயிட்டாரு."

"பாய் இன்னா சொன்னாரு?" என்றாள் ஸ்டெல்லா.

"இன்னா சொல்லுவான்? பேச்சே இல்ல. பில்லு புக்கப் பொரட்டிக்கினே நின்னான்."

"மச்சான், அவசரப்படாதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதை அவர் என் நல்ல மனதுக்கு எடுத்துக்கொண்டார். "நீங்க சும்மா இருங்க மாப்ள. உங்கள மாதிரி ஆளுங்களாலதான் இவனுங்க தப்பிச்சிக்கறானுங்க" என்றார்.

அன்று இரவு முழுக்க என் கண்முன் நின்றது பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகள்தான். கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாகச் செய் என்று ஆண்டவர் சொன்னது உண்மை. கதவிடுக்கில் யாருடைய விரல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாத்த வேண்டும் என்பதை அவர் தனியாகச் சொல்லவில்லை. அந்த அளவுக்காவது நமக்கே தெரியும் என்று நம்பியிருப்பார்.

திங்கட்கிழமை காலை சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். டாக்டரம்மா வந்தார். "ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. சின்னக் கட்டின்னா சில சமயம் தெரியாது. அத உறுதிப்படுத்த ஒரு டெஸ்ட் இருக்கு. சென்னைல பெரிய ஆஸ்பத்திரில வெச்சிப் பண்ணணும். மூணு நாள் சாப்பாடு இல்லாம வெச்சி, சர்க்கரை எப்படி இறங்குதுன்னு பார்ப்பாங்க."

அதாவது, மூன்று நாள் உபவாசம். டாக்டர் மேற்பார்வையில். நான் சிரித்தேன். சர்க்கரை இறங்குகிறதோ என்று நர்ஸ் ஓடிவந்து இன்னொரு விரலைக் குத்தினாள். சொல்லவந்தது அந்த அமளியில் போயிற்று. போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆயர் வந்தார். களைத்திருந்தார். "பெண்கள் ஐக்கியம் இன்னிக்கு உங்களுக்காக உபவாச ஜெபம் பிரதர். முப்பது பேர் காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல" என்றார். என் வியாதிக்குக் காரணமானதையே முப்பது பேர் எனக்கு மருந்தாகச் செய்துகொண்டிருந்தார்கள். அதில் நாலு பேராவது சர்க்கரை நோயாளிகள் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் வாசலில் ரஹீம் பாய் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு பில்லின் ஜெராக்ஸ். உதடு காய்ந்திருந்தது.

"இங்க எதுக்கு வந்த?" என்று எழுந்தார் மச்சான்.

"சாரப் பாக்க வந்தேன் பா. ஒரு நிமிஷம்."

"மனுவ வாபஸ் வாங்கச் சொல்லி வந்திருப்பான்."

"இல்ல பா. மொதலாளி, பிரச்சன முடியறவரைக்கும் கடப்பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டாரு. அவுரு மேல தப்பு இல்ல, லைசென்ஸ் போயிடும்னு பயம். நான் அதுக்கு வரல." என் பக்கம் திரும்பினார். "சார், அந்த அட்டைய நான் ஒருவாட்டி என் கண்ணால பாக்கணும். நேத்து ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல."

ஸ்டெல்லா அட்டையை எடுத்துக் கொடுத்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்து, அட்டையில் அச்சிட்டிருந்த எண்ணை ஜெராக்ஸோடு ஒத்துப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

"இது சரியாத்தான் இருக்குது. ஆனா இதுக்கு முன்னாடி வேற அட்டைய மாத்திக் குடுத்து, நீங்க அத முடிச்சிட்டிருந்தா? எனக்கு நெனப்பு இல்ல சார். அன்னிக்குக் கூட்டம். நோன்புல கண்ணு மங்கிச்சோ என்னவோ. அல்லாவுக்குத்தான் தெரியும். அப்பிடி நடந்திருந்தா மன்னிச்சிடுங்க. நடந்துச்சா இல்லியான்னு எனக்கே தெரியாமக் கேக்கறேன்."

பதினெட்டு வருடம் ஒரு மாத்திரைகூட மாற்றித் தராதவர், தன் கண்ணையே சந்தேகித்துக்கொண்டு, செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்டு நின்றார். என் சபையில் வாய்கிழியப் பேசிய மனத்தாழ்மை, வேறு வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. அதற்குமேல் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"பாய், நோன்பு மயக்கம் உங்களுக்கு இல்ல. எனக்கு."

"இன்னா மாப்ள சொல்றீங்க?" என்றார் மச்சான்.

சொன்னேன். காலையும் மதியமும் சாப்பிடாததை, மாத்திரையை மட்டும் போட்டதை, மூன்று டாக்டரிடம் பொய் சொன்னதை. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நிமிட விஷயத்துக்கு மூன்று நாள் ஸ்கேன் எடுத்திருந்தார்கள்.

முதலில் பேசியது ஸ்டெல்லா. "அப்ப இட்லி?"

"சன்னதித் தெருவுல ஒரு மாடு..."

"பொடி தடவினதா?"

"எல்லாம்."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் ஆடியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முப்பது வருடக் கணவனுக்குத் தெரியவில்லை.

ரஹீம் பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சார், எங்க ஆளுங்க சுகர் இருக்கறவங்க நோன்பு பிறக்கறதுக்கு முன்னாடியே கடைக்கு வருவாங்க. டாக்டரப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்புவேன். காலை மாத்திரைய நோன்பு தொறக்கற நேரத்துக்கு மாத்திக் குடுப்பாங்க. சிலருக்கு வெக்கவே கூடாதும்பாங்க. வருஷா வருஷம் இதான் எனக்கு வேல. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நெனச்சேன் பாய்."

"மருந்துக் கடைக்காரனுக்குமா?"

ஆயர் இருமினார். பிறகு தன் கைபேசியை எடுத்து, பெண்கள் ஐக்கியத் தலைவியை அழைத்து, "எல்லாரும் ஒடனே சாப்பிடுங்க சிஸ்டர். சுகர் இருக்கறவங்க மொதல்ல" என்றார். அவர் சொன்ன பிரசங்கங்களில் மிகச் சுருக்கமானது அதுதான்.

பாயின் போனிலிருந்து நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு ஒலித்தது. ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, டம்ளரில் தண்ணீரும் எனக்கென்று வைத்திருந்த இரண்டு வாழைப்பழங்களும் கொடுத்தாள். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். அந்த அறையில் ஒழுங்காக நோன்பு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மச்சான் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "கட முழுக்க ஆளு இருந்தாங்களே மாப்ள. என்ன அசிங்கப்படுத்திட்டீங்களே" என்றார். அதுவும் உண்மைதான். அப்புறம் பாயைப் பார்க்காமல், "மனு எழுதல பா. சும்மா சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "மூணு பேர் கேட்டோம் சார்" என்றார். சென்னைக்கு எழுதிய கடிதத்தை என் எதிரிலேயே கிழித்துப் போட்டார். மாத்திரையின் அளவைக் குறைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டையும் விடக்கூடாது என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லில் என் பொய்க்கு வரிசையாகத் தனித்தனித் தொகை போட்டிருந்தது.

முதலாளிக்குப் போன் செய்தால் போதும் என்றுதான் நினைத்தேன். உடம்பு அப்படித் தளர்ந்திருந்தது. கட்டிலிலிருந்து வாசல் வரை நடந்தால் வேர்த்தது. நான் உண்மையைச் சொன்னதிலிருந்து ஸ்டெல்லா என்னிடம் அவசியத்துக்குமேல் பேசவில்லை. போனை நான் எடுத்தபோது மட்டும் சொன்னாள்: "அண்ணன் போன்லயா கத்திச்சு?"

வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு, மெடிக்கலில் கூட்டமிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். ஆட்டோவில் வந்தும் மூச்சு வாங்கியது. கையில் அரைப்பக்கக் கடிதம். பச்சை அட்டை மாத்திரை சரியானது; நான் சாப்பிடாமல் போட்டேன்; டாக்டரிடமும் வீட்டிலும் பொய் சொன்னேன்; ரஹீம் பாய் மீது எந்தத் தவறும் இல்லை; என் பெயர், கையெழுத்து. நான் எழுதியவற்றில் சிரிப்பு ஒன்றும் இல்லாதது இதுதான்.

முதலாளி கல்லாவிலிருந்து வாங்கிப் படித்தார். மடித்தார். திரும்ப நீட்டினார்.

"சார், உங்க மச்சான் சத்தமா பேசிட்டுப் போனாரு. தெருவே கேட்டுச்சு. இந்தப் பேப்பர் எனக்கு மட்டும்தான் கேக்குது. நீங்க சர்ச்சுல படிக்கறவராமே?"

புரிந்தது. அலமாரிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். பத்துப் பன்னிரண்டு பேர். தறி வேலை முடிந்து வந்தவர்கள், குழந்தையைத் தோளில் போட்டவர்கள், எங்கள் சபை ஆள் ஒருவர். படித்தேன். இருபத்திரண்டு வருடமாகச் சபையில் படிக்கிறேன். பாதிப்பேர் சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒருவர்கூட வேறெங்கும் பார்க்கவில்லை. 'பொய் சொன்னேன்' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி அந்த வரியைப் படித்தேன்.

முடித்ததும் முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டார். "பாய், நாளைக்கு வந்துடுங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழம மொதலாளி. தொழுதுட்டு ரெண்டு மணிக்கு வரேன்" என்றார் பாய். "சார் அங்க இருக்காரா? ராத்திரிக்கு சாப்பிட்டுதான் மாத்திரைன்னு சொல்லுங்க."

கடிதத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். வரிசையில் முதலாவதாக இருந்த பெண் சீட்டை ஆட்டினாள்.

"படிச்சி முடிச்சாச்சா சார்? கொஞ்சம் தள்ளுங்க. கொழந்தைக்கு ஜொரம்."

தள்ளி நின்றேன்.